தங்கத்தின் மேல் எதைப் போர்த்தலாம்: கிராபீனா, மாலிப்டினம் டைசல்ஃபைடா, கருப்பு பாஸ்பரஸா?

எஸ்.பி.ஆர். (சர்ஃபேஸ் பிளாஸ்மான் ரெசொனன்ஸ்) சென்சார் என்பது தங்கத்தில் ஒட்டும் மூலக்கூறுகளை ஒளியை வைத்துக் கண்டறியும் கருவி. அதில் பட்டகத்தின் மேல் சுமார் 50 நானோமீட்டர் தங்கப் படலம், அடியிலிருந்து பெரும்பாலும் 633 நானோமீட்டர் சிவப்பு லேசர். கோணத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் திரும்பி வரும் ஒளி சட்டென்று மங்கி ஒரு பள்ளம் விழும். தங்கத்தின் மேல் டிஎன்ஏ வந்து ஒட்டினால் அந்தப் பள்ளம் நகரும். எவ்வளவு நகர்கிறது என்பதுதான் உணர்திறன். அதைக் கூட்டத்தான் தங்கத்தின் மேல் இன்னொரு மெல்லிய பொருளைப் போர்த்துகிறார்கள்.

கிராபீன் என்பது கார்பன் அணுக்கள் அறுகோணங்களாகக் கோத்த, ஓரணுத் தடிமன் தாள். அதன் பலம் ஒட்டவைப்பதில். ஒற்றை இழை டிஎன்ஏவின் காரங்கள் அதன் அறுகோணங்கள் மேல் அப்பளம் மாதிரி படிந்துவிடும், இரட்டை இழை அப்படிப் படியாது. ஒவ்வோர் அடுக்குக்கும் உணர்திறன் சுமார் 2.5% கூடும் என்று 2010-இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சரி, அப்போ பத்து அடுக்கு போட்டுவிடலாமே? அங்கேதான் சிக்கல். ஒரே அடுக்கே நேராக விழும் ஒளியில் 2.3% விழுங்கும், அடுக்கு ஏற ஏறப் பள்ளம் அகலமாகும், அகலமான பள்ளத்தின் அடிமட்டம் எது என்று கண்டுபிடிப்பதற்குள் கூடுதலாக நகர்ந்த லாபமெல்லாம் இரைச்சலில் போய்விடும். கட்டுரைகளில் உணர்திறன் தலைப்பிலேயே இருக்கும், பள்ளத்தின் அகலத்தைத்தான் அட்டவணையில் தேட வேண்டும்.

மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்த மாலிப்டினம் டைசல்ஃபைடு 633 நானோமீட்டரில் இன்னும் மோசமாக விழுங்கும். ஒற்றை அடுக்கின் ஆற்றல் இடைவெளி (இதைவிட ஆற்றல் குறைந்த ஒளியை அது பெரிதாக விழுங்காது) ஏறத்தாழ 1.8 எலக்ட்ரான் வோல்ட், அந்த லேசரின் ஃபோட்டானோ, அதாவது ஒளித் துகளோ, 1.96. ஆனால் 785 லேசருக்கு மாறினால் ஃபோட்டான் இடைவெளிக்குக் கீழே போய்விடுகிறது, இழப்பும் நன்றாகக் குறைகிறது. கிராபீனுக்கு அந்தச் சலுகை கிடையாது, எந்த நிறத்திலும் விழுங்கும். அதனால் பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் மேசையில் இருக்கும் லேசரைப் பாருங்கள்: 633 என்றால் ஓரடுக்கு கிராபீன், 785 என்றால் மாலிப்டினம்.

செய்முறையில் இரண்டுமே பொறுமையைச் சோதிக்கும். கிராபீனையே எடுத்துக்கொள்ளுங்கள்: தாமிரத் தகட்டைக் கரைத்தபின் பாலாடை மாதிரி தண்ணீரில் மிதக்கும் படலத்தைத் தங்கம் பூசிய சென்சார் சிப்பால் ஏந்தி எடுக்க வேண்டும். ஒரு மடிப்பு விழுந்து அடியில் நீர் சிக்கினால், லேசர் அந்த இடத்தில் படும்போது பள்ளமே கோணலாகிவிடும்.

கணக்கில் பிரமாதமான எண்கள், பாஸ்பரஸின் அடுக்கடுக்கான வடிவமான கருப்பு பாஸ்பரஸுக்குத்தான். ஆனால் காற்று, ஈரம், வெளிச்சம் மூன்றும் சேர்ந்தால் அது அரிக்கும். நம் மாதிரியோ உப்புக் கரைசல். காப்புப் படலம் போடலாம்தான், ஆனால் அதுவே மூலக்கூறைப் பாஸ்பரஸிலிருந்து தள்ளி வைக்கும். ஆசையிருந்தால் முதலில் ஒரு குளோவ் பாக்ஸுக்கு (காற்றும் ஈரமும் புகாத, கையுறை பொருத்திய பெட்டி) பணம் ஒதுக்குங்கள், அப்புறம் பேசலாம்.