போல்ட்ஸ்மன் கணக்கா, ஃபெர்மி–டிராக் கணக்கா?

ஆற்றல் மட்டங்களில் எலக்ட்ரான்கள் எப்படி நிரம்புகின்றன என்பதற்கு இரண்டு கணக்குகள் உண்டு: ஒரே நிலையில் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம் என்று எண்ணும் போல்ட்ஸ்மன் கணக்கு, ஒரு நிலையில் ஒன்றுதான் என்று எண்ணும் ஃபெர்மி–டிராக் கணக்கு. "போல்ட்ஸ்மன் பழசு, தப்பு, ஃபெர்மி–டிராக்தான் சரி" என்று வகுப்பில் சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். அதில் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் செம்பு. 1900-இல் இயற்பியலாளர் ட்ரூட் உலோகத்தின் எலக்ட்ரான்களை வாயுவைப் போலவே, அதாவது போல்ட்ஸ்மன் வழியில், நடத்தினார். அப்படியானால் சூடாக்கும்போது ஒவ்வொரு எலக்ட்ரானும் தன் பங்கு வெப்பத்தை வாங்கியாக வேண்டும். அளந்து பார்த்தால் அந்தக் கூடுதல் வெப்பத்தைக் காணவே காணோம். ஏன்? ஒரு நிலையில் ஓர் எலக்ட்ரானுக்குத்தான் இடம் என்று 1925-இல் பௌலி சொன்னார். மறு ஆண்டு ஃபெர்மியும் டிராக்கும் தனித்தனியே அதைக் கணக்காக்கினார்கள். சுழிக் கெல்வினிலேயே செம்பின் மட்டங்கள் அடியிலிருந்து சுமார் 7 எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரான்களின் ஆற்றலை அளக்கும் அலகு) வரை நிரம்பிவிடுகின்றன. அறை வெப்பம் தருவதோ வெறும் 0.026 எலக்ட்ரான் வோல்ட். அடியில் இருப்பவற்றுக்கு அது எட்டாது, பக்கத்து இடமெல்லாம் நிரம்பியிருக்கிறது. விளிம்பில் இருப்பவை மட்டுமே அசைகின்றன. அதனால்தான் வெப்பத்தில் எலக்ட்ரான்களின் பங்கு ட்ரூட் எதிர்பார்த்ததில் ஏறக்குறைய 1 சதவீதம்.

செம்பில் அந்த விளிம்புதான் ஃபெர்மி மட்டம்; அதற்கு 0.1 எலக்ட்ரான் வோல்ட் மேலே போவோம். 300 கெல்வினில் ஃபெர்மி–டிராக் தரும் நிரப்பம் 2.05 சதவீதம், போல்ட்ஸ்மன் தருவது 2.09. வித்தியாசமே இல்லை! செம்பு உருகும் 1358 கெல்வினில் அவை 30, 43 என்று பிரிகின்றன. சரி, அதே அளவு கீழே இறங்கினால்? 300 கெல்வினில் ஃபெர்மி–டிராக் 98 சதவீதம் என்கிறது. போல்ட்ஸ்மனோ ஒரே நிலையில் 48 எலக்ட்ரான்களைத் திணிக்கிறது.

சிலிக்கானில் நிலைமை வேறு. தூய சிலிக்கானில் கடத்தல் பட்டையின் (எலக்ட்ரான்கள் ஓடி மின்சாரம் கடத்தும் மட்டங்களின்) அடி, ஃபெர்மி மட்டத்துக்கு ஏறத்தாழ 0.56 எலக்ட்ரான் வோல்ட் மேலே. அங்கே 300 கெல்வினில் 250 கோடி நிலைகளுக்கு ஒன்று நிரம்பினால் அதிகம். 400 கெல்வினில் சுமார் 1 கோடிக்கு ஒன்று. இவ்வளவு காலியிடம் இருக்கும்போது யாரும் யாரையும் இடிப்பதில்லை. இங்கே நான் தயங்காமல் போல்ட்ஸ்மனைத்தான் எடுப்பேன். மாசு மிக அதிகமாகக் கலந்த சிலிக்கான் என்றால் மட்டும், காலியிடம் குறைந்துவிடுவதால், திரும்ப ஃபெர்மி–டிராக்.

1928-இல் சென்னைக்கு வந்த ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட், இந்தப் புதிய புள்ளியியலை மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகருக்குச் சொல்லி, தன் கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தார். 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது சந்திரசேகர் அதை வெண்குள்ள விண்மீன்களில் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களில்) போட்டுப் பார்த்தார். அவற்றின் உட்பகுதி கோடி கெல்வின் அளவுக்குக் கொதித்தாலும், எலக்ட்ரான்கள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால், அங்கே ஃபெர்மி வெப்பநிலை, அதாவது நிரம்பிய விளிம்பின் ஆற்றலுக்கு ஈடான வெப்பநிலை, நூறு கோடி கெல்வினைத் தொடும். அந்தக் கணக்கில் பார்த்தால் அந்த எலக்ட்ரான்கள் நம் செம்புக் கம்பியில் இருப்பவற்றைப் போலவே குளிர்ந்தவைதான்.