ஐபிஎஸ் (IBS, குடல்ல காயமோ வீக்கமோ இல்லாமலே வயித்து வலி, வயித்துப்போக்கு, மலச்சிக்கல்னு தொல்லை குடுக்குற குடல் பிரச்சனை) இருக்குற ஸ்டூடண்ட்ஸுக்கு ஆப் மட்டும் போதுமா, தெரபிஸ்ட்டும் வேணுமா?

எக்ஸாம்னாலே வயித்த கலக்குது, கிளாஸ்ல நுழைஞ்சதும் பாத்ரூம் எந்தப் பக்கம்னு தான் கண்ணு தேடுது, டெஸ்ட் எல்லாம் நார்மல்னு டாக்டர் சொல்லியும் வலி போகல, இப்படி இருக்குற பிள்ளைங்களுக்கு இப்ப மூணு வழி இருக்கு: ஆப் மட்டும், ஆப் கூட அப்பப்ப பேசுற தெரபிஸ்ட், நேர்ல போற தெரபி.

தெரபின்னு சொன்னதும் வலி கற்பனையான்னு கோபம் வரும். கற்பனை கிடையாது. குடலுக்கும் மூளைக்கும் நடுவுல நரம்பு வழியா எப்பவும் தகவல் போய் வந்துட்டே இருக்கும், ஐபிஎஸ்ல அது ரொம்ப கூர்மையாயிடுது, மத்தவங்க கவனிக்கவே கவனிக்காத கொஞ்சூண்டு கேஸ் கூட இவங்களுக்கு வலிக்கும், பயம் சேர்ந்தா இன்னும் கூடும்.

நேர்ல போற தெரபி, டிப்ரஷன் பேனிக் எல்லாம் சேர்ந்து இருந்தா இது தான் சரி, ஆனா குடல் பிரச்சனை தெரிஞ்ச தெரபிஸ்ட் கிடைக்குறது கஷ்டம், செலவும் அதிகம்.

ஆப் மட்டும்னா ராத்திரி எத்தன மணிக்கும் திறக்கலாம், ரூம்மேட்டுக்கு கூட தெரியாது. நெர்வான்னு ஒரு ஆப், ஹிப்னோதெரபி (ஆழமா ரிலாக்ஸ் பண்ண வச்சு குடல அமைதிப்படுத்துற பயிற்சி) ஆடியோ, ஆறு வாரம். மஹானான்னு இன்னொரு ஆப், சிபிடி (பயப்படுற எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்துற தெரபி), அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020ல அனுமதி கொடுத்துச்சு, ஆனா அந்த அனுமதி 22 வயசும் அதுக்கு மேலயும் இருக்குறவங்களுக்கு தான், அதாவது காலேஜ்ல படிக்குற நிறைய பேர் அதுக்குள்ளயே வரல! இதவிட பெரிய சிக்கல், அசைன்மெண்ட் குவிஞ்சா முதல்ல நிக்குறது ஆப் தான், ஏன் நிறுத்துனன்னு கேக்க ஆளே இல்ல.

அதனால என் ஓட்டு நடுவுல இருக்குறதுக்கு. பிரிட்டன்ல 558 பேர வச்சு பண்ணி 2019ல வந்த ஆய்வுல போன் வழியா சிபிடி, வெப்சைட் வழியா சிபிடி, வழக்கமான சிகிச்சை மூணையும் பாத்தாங்க, ஒரு வருஷம் கழிச்சு பாத்தா சிபிடி எடுத்த ரெண்டு குரூப்பும் நல்லா இருந்தாங்க. இதுல நிறைய பேர் விட்டுடுற விஷயம், வெப்சைட் குரூப்புக்கும் தெரபிஸ்ட் போன் பண்ணினாங்க, மொத்தம் ரெண்டரை மணி நேரம், போன் குரூப்புக்கு எட்டு. கொஞ்ச நேரம் தான், ஆனாலும் ஒரு மனுஷன் இருந்தார்.

சிபிடியா ஹிப்னோவா? பயந்து சாப்பிடாம கிளாஸுக்கு போறது, பஸ்ஸே ஏறாம இருக்குறதுன்னு வாழ்க்கை சுருங்கிப் போச்சுன்னா சிபிடி, ஏன்னா அது அந்த பயத்த படிப்படியா எதிர்கொள்ள வைக்கும். வலியும் உப்புசமும் தான் தொல்லைனா ஹிப்னோ. மோனாஷ் யுனிவர்சிட்டி ஆய்வுல இது லோ ஃபாட்மேப் டயட் (குடல்ல கேஸ் கிளப்புற சில சாப்பாட்ட குறைக்குற டயட்) அளவுக்கே வேலை செஞ்சுது, ஹாஸ்டல் சாப்பாட்ட மாத்த முடியாதவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்!

க்ரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (ஐபிஎஸ் மாதிரி இல்லாம குடல்ல நிஜமாவே வீக்கம் வர நோய்கள்) இருக்குறவங்க தெரபி எடுங்க, மனசுக்கு நல்லது, ஆனா மாத்திரைய நிறுத்தாதீங்க, அந்த வீக்கத்துக்கு மருந்து தான். மலத்துல ரத்தம், காரணமே இல்லாம எடை குறையுறது, தூக்கத்துல இருந்து எழுப்புற வயித்துப்போக்கு, இதுல எது இருந்தாலும் ஆப்ப மூடி வச்சுட்டு டாக்டர்ட்ட போங்க.