கிட் காருக்கு ஆயத்த டாஷா, றாஸ்பெரி பையா?

பாகங்களை வாங்கி வீட்டில் கார் (கிட் கார்) கட்டுபவர்கள் எஞ்சினை உள்ளே இறக்கிய கையோடு தடுமாறும் இடம் இது: வேகமும் எஞ்சின் நிலையும் காட்டும் டாஷ் திரையை ஆயத்தமாக வாங்குவதா, றாஸ்பெரி பை (சுருக்கமாக ‘பை’) என்ற சின்னக் கணினியை வைத்து நாமே செய்வதா?

காசு: ஆயத்த டிஜிட்டல் டாஷ் இறக்குமதி, வரியோடு கை சுடும். பை, திரை, சென்சர் எல்லாம் சேர்ந்தாலும் அதைவிட மலிவு.

வெயில்: யாழ்ப்பாணத்தில் இதுதான் முதற் கேள்வி. கூரையில்லாத காரில், சித்திரை மத்தியானத்தில் சாதாரண எல்சிடி திரை வெறும் கறுப்புக் கண்ணாடி, வேகமே தெரியாது. நல்ல ஆயத்த டாஷின் திரை வெயிலுக்கென்றே செய்தது. தூசியும் உப்புக்காற்றும் புகாமல் மூடியும் இருக்கும்.

மின்சாரம்: சாவி திருப்பியதும் ஆயத்தமானது எழும்பிவிடும். பை தன் இயங்குதளமான லினக்ஸை எஸ்டி அட்டையிலிருந்து ஏற்ற அரை நிமிடம்கூட எடுக்கும். மின் சட்டென்று நின்றால் அந்த அட்டை பழுதாகலாம். ஓடும்போது 14 வோல்ட் வரும் லைனை 5 வோல்ட்டாக இறக்க நல்ல கன்வேட்டரும் வேண்டும்.

எஞ்சின்: கான் பஸ் (காரின் கருவிகள் தரவு பரிமாறும் இணைப்பு) உள்ள ஈசியூ (எஞ்சினை நடத்தும் கணினி) என்றால் இரண்டுக்கும் வேலை சுலபம், இரண்டு வயரில் தரவு வந்துவிடும். எங்கட ஊர்ப் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார் எஞ்சினுக்கு எல்லாச் சென்சரும் தனியாகப் பூட்ட வேண்டும். சென்சரின் வோல்ட் அளவை நேரே வாசிக்கும் அனலொக் உள்ளீடு பையில் இல்லாததால், அதை எண்ணாக்கும் ஏடிசி சிப்பும் தேவை.

தினமும் ஓடும் காருக்கு ஆயத்தமானதே சரி. கோட் எழுதத் தெரிந்து, ஞாயிறுகளில் மட்டும் எடுப்பவர் பையை நம்பலாம். ஒயில் பிரஷர் எச்சரிக்கை விளக்கை மட்டும் தனி வயரில் வையுங்கள்.