இராமேசுவரம் தீர்த்தமாடல்: 25 ரூபாய்ச் சீட்டே போதும்

கடலில் குளிக்க நாள் பார்க்க வேண்டும், அமாவாசை, பௌர்ணமி போன்ற பருவ நாளில்தான் முழுக வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். சேது எனப்படும் இராமேசுவரக் கடலுக்கு மட்டும் அந்தக் கணக்கு கிடையாது. அதனால்தான் கோயிலுக்கு எதிரே உள்ள அக்னி தீர்த்தக் கடற்கரை எந்த நாளும் நிரம்பி வழிகிறது.

முறை இதுதான்: முதலில் கடலில் முழுக்கு, பிறகு ஈரத்துணியோடு கோயிலுக்குள் போய் 22 தீர்த்தங்களில் (பெரும்பாலும் கிணறுகள்) குளியல். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி கோடி தீர்த்தத்தில் முடியும். வரிசை மாற்றாதீர்கள், கடல் உப்பு உடம்பில் காய்வதற்குள் கிணற்று நீர் அதைக் கழுவிவிடும். கூப்பிடு தூரத்தில் கடல் இருந்தும் பல கிணறுகளில் தண்ணீர் கரிக்காது!

சீட்டு தலைக்கு 25 ரூபாய். வாளிக்காரர் கிணற்றுச் சுவரின் மேல் நின்று, கயிறு கட்டிய சிறு வாளியை விட்டு, ஒரே இழுப்பில் மேலே கொண்டுவந்து தலையில் கவிழ்ப்பார். கூட்டமாகப் போனால் பின்னால் நிற்பவருக்குத் தெறிக்கும் துளிதான் கிடைக்கும். முண்டியடித்து முன்னால் நில்லுங்கள். தனியாக ஆள் பேசினால் நிதானமாக ஊற்றுவார்கள். ஆனால் தொகையை முதல் கிணற்றுக்கு முன்பே பேசி முடியுங்கள், பாதி வழியில் பேரம் பேச முடியாது. வயதானவர்கள் கூட இருந்தால் அந்தச் செலவு தகும். மற்றவர்களுக்குச் சீட்டே போதும்.

வழியெல்லாம் ஈரக் கருங்கல், வழுக்கும். ஓடாதீர்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கல்லாய்க் கனக்கும். அடர்நிறத்தில் சீக்கிரம் காயும் வேட்டி, சுடிதார் நல்லது. தளர்ந்த மோதிரத்தை அறையிலேயே கழற்றி வையுங்கள். ஆடி, தை அமாவாசைகளில் நெரிசல் தாங்காது. சாதாரண நாளில் விடியற்காலையே போய்விடுங்கள்.

கட்டிய துணியைக் கடலில் விட்டால் தோஷம் கழியும் என்று பலர் அங்கேயே அவிழ்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது எங்கும் போகாது. மணலில் பாதி புதைந்து கிடந்து, அடுத்து முழுக வருபவரின் காலில் சுற்றும். முழுக்குப் போடத் துணியைக் கடலில் விட்டாக வேண்டிய தேவையே இல்லை. காசிக்குப் போகும் எண்ணம் இருந்தால் சேது மணலை ஒரு பிடி எடுத்துக்கொள்ளுங்கள், அதைக் கங்கையில் கரைப்பதுதான் பழைய வழக்கம்.

ஈரத்துணியோடு சந்நிதிக்கு விடமாட்டார்கள். மாற்றுத்துணியை பிளாஸ்டிக் உறையில் கட்டி, குளிக்காத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.