பச்சை வாளிக்கு மூன்று வழிகள்: பானை, பயோகேஸ், எரி உலை

பெங்களூருக்கு வந்து நாங்கள் முதலில் கற்றுக்கொண்ட கன்னடம் ‘ஹசி கசா, ஒண கசா’. ஈரக் குப்பை, உலர் குப்பை. பச்சை வாளியில் ஈரம், சிவப்பில் டயப்பர் வகையறா, பையில் உலர்ந்தது என்று 2015-ல் உயர் நீதிமன்ற உத்தரவில் வந்த முறை. அட்டை, பாட்டில், பால் கவரை எடைக்கு எடுக்க ஆள் உண்டு. நகரக் குப்பையில் பாதிக்கு மேல் இருக்கும் பச்சை வாளிதான் தலைவலி.

முருகேஷ்பாளையாவில் எங்கள் பால்கனியில் இருப்பது மண்பானை. காய்கறித் தோலைப் போட்டு, மேலே ஒரு கை தேங்காய் நார்த்தூள், வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் புளித்த மோர். முதல் மாதம் ஈரம் கூடிப் புழு நெளிந்தது. “பானை வெளியே போகுதா, நான் போகட்டுமா?” என்றார் மாமியார். காய்ந்த இலையை அள்ளிப் போட்டதும் அடங்கியது. இரண்டு மாதத்தில் கருகருவென்று உரம், புதுமழை வாசனையோடு. ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தாலும் பானை கோபித்துக்கொள்ளாது. ஆனால் மீன் முள், மிச்ச சாம்பார் விழுந்தால் நாறும்.

அந்தச் சாம்பாரை பயோகேஸ் தொட்டி ஆசையாகச் சாப்பிடும். வரும் வாயு அடுப்புக்கு, வெளியேறும் கரைசல் செடிக்கு. எலுமிச்சைத் தோல், வெங்காயச் சருகு, முட்டை ஓடு அதற்கு ஆகாது. மாடு வளர்ப்பது மாதிரி தினமும் அளவாகத் தீனி வைக்க வேண்டும். தெரிந்த ஒரு குடியிருப்பில் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டதும், கிடைத்ததையெல்லாம் கொட்டியதில் தொட்டி புளித்து வாயு நின்றேபோனது.

எரி உலையில் எனக்கு நம்பிக்கை இல்லை. டெல்லி ஓக்லாவில் 2012 முதல் ஓர் ஆலை குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறது. புகையை எதிர்த்து அக்கம்பக்கத்தார் நீதிமன்றம் வரை போனார்கள். நம் ஊர்க் குப்பையில் தண்ணீர் அதிகம், அதை ஆவியாக்கவே நிறையச் சூடு போய்விடும். நன்றாக எரிய வேண்டுமானால் அட்டையும் பிளாஸ்டிக்கும் வேண்டும். மறுசுழற்சிக்குப் போகவேண்டியதே அதுதானே! அப்புறம் சாம்பலைக் கொட்டவும் இடம் தேட வேண்டும். பெங்களூர்க் குப்பை போய்க் குவிந்த மண்டூர் கிடங்கைக் கிராமத்தார் போராடி 2014-ல் மூடவைத்த பிறகு, இங்கே எந்த ஊர் இடம் கொடுக்கும்?

கேன்டீன் இருந்து, சம்பளத்துக்கு ஆளும் இருந்தால் பயோகேஸ். வீட்டுக்குப் பானை போதும். மூன்றடுக்காக வாங்குங்கள், நிரம்பியது கீழே இறங்கி மக்கும்போது மேலே போட இடம் வேண்டுமே.