பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க, லட்சம் மைல் ஓடிய எஸ்2000-ஆ, ஆர்எக்ஸ்-8-ஆ?

ஹோண்டா எஸ்2000-இன் எஃப்20சி எஞ்சின் 9,000 ஆர்பிஎம் வரை பாயும். ஆயில் ஒழுங்காக மாற்றியிருந்தால் மீட்டர் காட்டும் மைல்களைப் பார்த்து மிரள வேண்டாம். ஐட்லிங்கில் செயின் டென்ஷனர் (எஞ்சின் செயினைத் தொய்யாமல் இறுக்கிப் பிடிப்பது) கடகடக்கிறதா என்று காது கொடுங்கள்.

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கதை வேறு. அதன் ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனே கிடையாது. முக்கோண ரோட்டரின் முனைகளில் உள்ள அபெக்ஸ் சீல் என்ற அடைப்பு தேய்ந்தால் கம்ப்ரஷன் (எரிபொருள் கலவையை அழுத்தும் திறன்) போச்சு. நன்றாகச் சூடேறிய எஞ்சினை அணைத்து, சில நிமிடம் விட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். செல்ஃப் இழுத்துக்கொண்டே இருந்தால் விலை பேசாமல் நடையைக் கட்டலாம். சாதாரண கம்ப்ரஷன் கேஜ் இதற்குச் சரிப்படாது, ரோட்டரிக்கென்று தனிக் கருவி வேண்டும். அப்புறம், கொஞ்சம் ஆயில் குடிப்பது கோளாறல்ல. சீல்களுக்கு வழுவழுப்புத் தர அதன் வடிவமைப்பே அப்படி.

எஞ்சினைப் பிரித்துக் கட்டத் தனியாகப் பணம் வைத்திருப்பவர் ஆர்எக்ஸ்-8 பக்கம் போகட்டும். என் ஓட்டு எஸ்2000-க்கு.