ஐசர் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்த அனுபவம்

உயிரியலை ஆராய்ச்சி நோக்கில் படிக்க விரும்பும் என் மகளுக்காக, ஐசர் (IISER) எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். (இளநிலையும் முதுநிலையும் இணைந்த பட்டப்) படிப்புக்கு இணையவழியில் விண்ணப்பித்தோம். புனே, திருவனந்தபுரம், திருப்பதி உள்ளிட்ட 7 வளாகங்களுக்கும் ஒரே நுழைவுத் தேர்வு என்பது பெற்றோருக்குப் பெரிய நிம்மதி.

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஆகியவற்றுள் மூன்றைப் படித்திருந்தாலே விண்ணப்பிக்கலாம் என்பதால், கணிதம் எடுக்காத பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. ஆயினும் தேர்வில் நான்கு பாடங்களிலிருந்தும் தலா 15 வினாக்கள் வருவதையும், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறைவதையும் முன்பே மனத்தில் கொள்ள வேண்டும். கணிதத்தை அறவே ஒதுக்கிவிட்டு எழுதுவது சரியல்ல என்பதே என் கருத்து.

பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாநில அரசின் சாதிச் சான்றிதழ் போதாது. மத்திய அரசுப் படிவத்திலான ஓ.பி.சி. சான்றிதழ் தேவை. அதற்கு முன்கூட்டியே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுவது நல்லது.

எங்கள் தெருவிலுள்ள கணினி மையத்தில் கையொப்பப் படத்தின் அளவைக் குறைத்தபோது, எழுத்துகள் கலங்கி வெறும் கறைபோல் தெரிந்தன. வெள்ளைத் தாளில் கருப்பு மையால் மீண்டும் கையொப்பமிடச் செய்து, வீட்டுக் கணினியிலிருந்தே பதிவேற்றினோம். "இப்போதுதான் அப்பா, என் பெயர் தெரிகிறது" என்றாள் மகள். உயிரியலில் உண்மையான ஆர்வமுள்ள மாணவர்கள் அனைவரும் தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.